கூலன்ட்டில் ஆயில்: ஹெட்டில் கை வைப்பதற்கு முன்

ரேடியேட்டர் மூடியைத் திறக்கிறீர்கள். மூடியின் அடியில் வெளிர் பழுப்பில், களிம்பு மாதிரி ஏதோ அப்பியிருக்கிறது. விரலில் தேய்த்தால் வழுவழுவென்று இருக்கிறது. தண்ணீரில் கழுவினால் போக மாட்டேன் என்கிறது. பழைய கார் வைத்திருப்பவர்கள் யாரிடம் காட்டினாலும் உடனே வரும் பதில் ஒன்றுதான்: "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு." அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் தகடு கசிகிறது என்று. பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் தப்பாகிவிட்டால், பல வருஷமாக அசையாமல் கிடந்த ஹெட்டைக் கழற்றி, அதைப் பிடித்திருக்கும் துருவேறிய ஸ்டட் போல்ட் ஒன்றை முறித்து, இல்லாத வியாதிக்கு வைத்தியம் பார்த்த கதையாகிவிடும்.

கையில் இருக்கிற வழிகளைச் சொல்லிவிடுகிறேன். சும்மா கழுவிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். கசிவை அடைக்கும் மருந்தை ரேடியேட்டரில் ஊற்றலாம். ஆயில் கூலரை மட்டும் பார்க்கலாம். ஹெட்டைக் கழற்றி கேஸ்கெட் மாற்றலாம். எதுவும் ஒத்துவரவில்லை என்றால் விரிசல் வேலை, இல்லையென்றால் வேறு எஞ்சின். இதில் எது என்று முடிவு செய்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: உள்ளே வந்திருப்பது எந்த ஆயில், அது எந்த இடத்தில் அழுத்தத்தோடு தண்ணீருக்குப் பக்கத்தில் ஓடுகிறது? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வழிகள் தானாகவே கழன்றுவிடும்.

அழுத்தக் கணக்கு இதுதான். எஞ்சின் ஓடும்போது ஆயில் அழுத்தம் சாதாரணமாக 40 முதல் 60 பிஎஸ்ஐ வரை போகும். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் கலவை) பக்கம், மூடியைப் பொறுத்து, 4 முதல் 15 பிஎஸ்ஐ. ஆகவே இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது வழி பிறந்தால், ஓடும்போது ஆயில்தான் தண்ணீருக்குள் போகும். எஞ்சினை நிறுத்தியதும் கதை திரும்புகிறது. ஆயில் அழுத்தம் சட்டென்று பூஜ்யத்துக்கு வந்துவிடும். சூட்டில் கூலன்ட் அழுத்தம் மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும். அப்போது கூலன்ட் ஆயிலுக்குள் இறங்கலாம். அதனால் ரேடியேட்டரில் களிம்பு தெரிந்த அன்றே ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கையும் உருவிப் பாருங்கள். ஆயிலும் பால் மாதிரி ஆகியிருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் என்ற ரசாயனம் கலந்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும்.

இதிலேயே இன்னொரு உண்மையும் ஒளிந்திருக்கிறது. எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பில் கிடக்கும் ஆயிலுக்கு அழுத்தமே கிடையாது. ஆகவே ஈர லைனர் (வெளிப்புறம் தண்ணீரில் நனையும்படி தனியாகச் செருகிய சிலிண்டர் உருளை) வைத்த எஞ்சின்களில், உதாரணமாக டிரையம்ஃப் டிஆர்2 முதல் டிஆர்4 வரை, லைனரின் அடி சீல் போனால் கூலன்ட் சம்ப்புக்குள் இறங்குமே தவிர, ஆயில் மேலே ஏறி ரேடியேட்டருக்கு வராது. கூலன்ட் சுத்தமாக இருந்து ஆயில் மட்டும் கெட்டிருந்தால் லைனர் சீல், டைமிங் கவர் பக்கம் பாருங்கள். ஆயில் சுத்தமாக இருந்து கூலன்ட் மட்டும் கெட்டிருந்தால் அழுத்தம் உள்ள ஆயில் வழிகளைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு கண்ணாடி ஜாடி வேலை. ரேடியேட்டரிலிருந்து அரை லிட்டர் எடுத்து, மூடி வைத்து, ஒரு ராத்திரி அசையாமல் விட்டுவிடுங்கள். எஞ்சின் ஆயில் என்றால் காலையில் மேலே பழுப்பாக ஒரு படலம் பிரிந்து நிற்கும், அதற்கும் கீழே கலங்கல். மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக வெள்ளையாக, பிரியாமல் நின்றால் அது வேறு விஷயம். பழைய காலத்தில் துருப்பிடிக்காமல் இருக்கவும் வாட்டர் பம்ப்புக்கு வழவழப்புக்காகவும் தண்ணீரில் கரையும் எண்ணெயை ரேடியேட்டரில் ஊற்றுவது வழக்கம். அது தண்ணீரைப் பால் போல ஆக்கிவிடும்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதன்முதலில் வாங்கிய பழைய வண்டியில் கூலன்ட் பால் போல இருந்தது. ஜாடியும் இல்லை, யோசனையும் இல்லை. நேராக ஹெட்டைக் கழற்றினேன். கேஸ்கெட் புதுசு போல இருந்தது. வண்டியை விற்றவரிடம் அப்புறம் பேசியபோது, "தண்ணியில கரையுற எண்ணெய் ஊத்துவேனே, சொல்லலையா?" என்றார். முறிந்த இரண்டு ஸ்டட்டை எடுக்க மட்டும் எனக்கு ஒரு வாரம் போனது.

வேறு இரண்டு விதமான ஏமாற்றும் உண்டு. இரண்டு வகை கூலன்ட்டைக் கலந்தால் சில நேரம் கூழ் போலத் திரண்டு அடையும். அதில் எண்ணெய்ப் பசை இருக்காது. முன்னால் யாரோ ஊற்றிய அடைப்பு மருந்தும் பழுப்பு வண்டலாக மூடியில் ஒட்டியிருக்கும். விரலில் தேய்த்துப் பாருங்கள்: மணல் போல நெருடினால் மருந்து, வழுக்கினால் ஆயில்.

சரி, ஆயில்தான் என்று தெரிந்துவிட்டது. இப்போது நிறத்தைப் பாருங்கள். ரோஜா நிறத்தில் நுரை போல இருந்தால் அது எஞ்சின் ஆயிலே இல்லை. ஆட்டோமேடிக் கியர்பாக்ஸின் சிவப்புத் திரவம். பழைய ஆட்டோமேடிக் கார்கள் பலவற்றில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கும். அது ஓட்டையானால் இரண்டும் கலந்துவிடும். இங்கே எஞ்சினைத் தொடவே வேண்டாம். அவசரம் கியர்பாக்ஸுக்குத்தான். உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பட்டை தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிளைக்கால் அதன் பசையைத் தளர்த்திவிடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பலமுறை ஆயில் மாற்றிக் காப்பாற்றலாம். அடித்தட்டைத் திறந்து ஒரு தடவை வடித்தால் போதாது, ஏனென்றால் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள டார்க் கன்வெர்டருக்குள் நிறைய மிச்சம் இருக்கும். அந்த நிலையிலேயே நெடுந்தூரம் ஓட்டியிருந்தால் கியர்பாக்ஸைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

ரேடியேட்டரைப் பொறுத்தவரை, தொட்டிக்குள் புதுக் குழாய் வைப்பதா, வெளியே தனியாக ஒரு காற்றுக் கூலர் மாட்டுவதா என்று கேட்டால், நான் வெளியே மாட்டுவேன். இனி எந்த நாளும் இரண்டு திரவமும் சந்திக்க வாய்ப்பே இல்லை. கண்காட்சிக்குப் போகும் வண்டி, எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்றால் மட்டும் உள்ளே வையுங்கள்.

எஞ்சின் ஆயில் என்றால், முதல் கேள்வி: உங்கள் எஞ்சினில் தண்ணீரால் குளிரும் ஆயில் கூலர் இருக்கிறதா? இது வண்டிக்கு வண்டி மாறும். மோரிஸ் மைனர், பழைய மினி இவற்றில் வந்த பிஎம்சி ஏ-சீரிஸ் எஞ்சினில் அப்படி ஒன்றும் கிடையாது. அங்கே ஆயில் தண்ணீரோடு கலந்தால் சந்தேகம் ஹெட் கேஸ்கெட்டில், இல்லையென்றால் ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசலில். ஹெட்டின் மேலே வால்வுகளை இயக்கும் ராக்கர் ஷாஃப்ட்டுக்குப் போகும் ஆயில் வழி பிளாக்கிலிருந்து கேஸ்கெட்டைத் தாண்டித்தான் மேலே ஏறுகிறது. அந்த வழிக்கும் பக்கத்துத் தண்ணீர்த் துளைக்கும் நடுவே கேஸ்கெட் அரித்துப்போனால் முடிந்தது.

மறுபக்கம் 1982-ல் வந்த போர்ஷே 944-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆயில் கூலர் எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில், கூலன்ட்டுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். அதன் சீல்கள் வயதாகித் தட்டையாகிவிட்டால் ஆயில் கூலன்ட்டில் இறங்குவது எல்லோருக்கும் தெரிந்த நோய். அந்த வண்டியில் ஹெட்டிலிருந்து ஆரம்பிப்பது, கதவுக்கு எண்ணெய் போடுவதை விட்டுவிட்டு நிலையைப் பெயர்ப்பது மாதிரி.

கூலர் இருந்தால் சோதிப்பது எளிது. கூலரைக் கழற்றி, ஒரு வாயை அடைத்து, மறு வாயில் காற்று கொடுத்து, வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் முக்கிப் பார்க்கலாம். குமிழி வந்தால் ஓட்டை உறுதி. தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பது முக்கியம். சூட்டில் மட்டும் வாய் திறக்கும் மெல்லிய விரிசல் பச்சைத் தண்ணீரில் தெரியாது. ஆனால் குமிழி வரவில்லை என்பதற்காகக் கூலர் பிழைத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்: சீலாக இருக்கும் ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், போயிருந்தால் வாளியில் தெரியாது, கூலரை மூடும் உறையோடு சேர்ந்து இருக்கும்போதுதான் தெரியும். பழைய ஓ-ரிங்கை வெட்டிப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய குறுக்குவெட்டு சதுரமாகிவிட்டிருந்தால் அதுவே சாட்சி.

கழற்றாமல் பார்க்கவும் வழி உண்டு. கூலன்ட் பக்கத்தில் கைப்பம்ப்பால் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்தை மட்டும் ஏற்றி, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் சம்ப் பிளக்கை மெதுவாகத் தளர்த்தினால், கூலன்ட் ஆயிலை விடக் கனம் என்பதால் முதலில் சொட்டுவது கூலன்ட்டாக இருக்கும். ஆயில் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்து அங்கே சொட்டுகிறது என்றால் குற்றவாளி அந்தப் பக்கம்தான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நன்றாகத் தெரிந்தவர்களும் விழுகிறார்கள். கம்ப்ரஷன் சோதித்தேன், நன்றாக இருக்கிறது. நீலத் திரவத்தை ரேடியேட்டர் வாயில் வைத்து சிலிண்டரில் எரிந்த வாயு வருகிறதா என்று பார்த்தேன், மஞ்சளாக மாறவில்லை. ஆகவே கேஸ்கெட் நல்லது என்று முடிவு கட்டுகிறார்கள். இந்த இரண்டு சோதனையும் சிலிண்டரிலிருந்து வெளியேறும் கசிவை மட்டுமே சொல்லும். ஆயில் வழிக்கும் தண்ணீர் வழிக்கும் நடுவே கேஸ்கெட் போயிருந்தால் இரண்டிலும் ஒன்றும் தெரியாது. ஆகவே நீலத் திரவச் சோதனையில் 'ஆம்' வந்தால் நம்பலாம். 'இல்லை' வந்தால் நம்ப வேண்டாம்.

அடைப்பு மருந்தை முதலில் கழித்துவிடலாம். அதில் பலவற்றில் இருப்பது சோடியம் சிலிக்கேட். எரிந்த வாயுவின் சூட்டில் கண்ணாடி போல இறுகுவதுதான் அதன் வேலை. ஆயில் படிந்த இடத்தில் அது ஒட்டாது. ஒட்டாமல் போனது எங்கே போகும்? ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் ஹீட்டரிலும் அடையும். ஏற்கெனவே களிம்பு பிடித்திருக்கும் ரேடியேட்டரில் இதையும் ஊற்றினால், ஆயில் வியாதியோடு சூடேறும் வியாதியையும் சேர்த்து வாங்கியதாகிவிடும்.

கழுவிவிட்டு ஓட்டிப் பார்ப்பது அப்படி முட்டாள்தனம் இல்லை, ஆனால் ஒரே ஒரு நிலைமைக்கு மட்டும். வண்டி புதிதாக உங்கள் கைக்கு வந்திருக்கிறது, டிப்ஸ்டிக் சுத்தம், ஜாடியில் படலம் மிக மெல்லிசு, முன்னால் யாராவது கேஸ்கெட் மாற்றிவிட்டுச் சரியாகக் கழுவாமல் விட்டிருக்கலாம் என்ற சந்தேகம். அப்படியென்றால் நன்றாகக் கழுவி, வெறும் தண்ணீர் ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடியும் ஜாடி வையுங்கள். பழைய களிம்பு என்றால் ஒவ்வொரு முறையும் குறையும். குறையவில்லை என்றால் கசிவு உயிரோடு இருக்கிறது, அங்கேயே நிறுத்துங்கள்.

கூலரை மாற்றுவது, ஓ-ரிங் மட்டும் மாற்றுவது இரண்டுக்கும் நடுவில், கூலர் வாளிச் சோதனையில் தேறினால் சீல் மட்டும் போதும். ஆனால் அந்த உறையைத் திருப்பி மாட்டும்போது பொறுமை வேண்டும். 944-இல் ஆயில் அழுத்த வால்வு அந்த உறையின் வழியாகப் பிளாக்குக்குள் போகிறது. உறை ஒரு முடி நகர்ந்து உட்கார்ந்தாலும் வால்வு சிக்கிக்கொள்ளும். அதை நேராக உட்கார வைக்கத் தனிக் கருவியே இருக்கிறது. நாளைக்கு ஆயில் அழுத்த முள் விழுந்தால் எஞ்சினே போச்சு, அதனால் அந்தக் கருவி இல்லாமல் அந்த வேலையில் இறங்க வேண்டாம்.

இனி ஹெட். கூலர் இல்லை, அல்லது கூலர் சுத்தம் என்று நிரூபித்த பிறகுதான் இங்கே வருகிறோம். கழற்றியதும் கேஸ்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஆயில் துளைக்கும் அதற்கு மிக அருகில் உள்ள தண்ணீர்த் துளைக்கும் நடுவே விரலை ஓட்டிப் பாருங்கள். போன இடத்தில் ஒரு கோடு தெரியும்: மற்ற இடமெல்லாம் கருப்பாக இருக்க, அது மட்டும் கழுவிவிட்டது போல. அந்தக் கோடு கிடைத்தால் நிம்மதி. கிடைக்கவில்லை என்றால், புதுக் கேஸ்கெட் போட்டு மூடுவது குருட்டாம்போக்கு. ஹெட்டை அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், அதுவும் சுடுதண்ணீரில். இரும்பு ஹெட் என்றால் காந்தப்பொடி வைத்து விரிசல் பார்ப்பார்கள், அலுமினியத்துக்குச் சாயம்.

ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்ச்சட்டமும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜும் வைத்துப் பாருங்கள். பல கையேடுகள் 0.05 முதல் 0.1 மி.மீ. வரை விடும், உங்கள் எஞ்சினின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. அதைத் தாண்டினால் மெஷினில் கொடுத்து அடிமுகத்தைச் சமமாகச் சீவி எடுக்கத்தான் வேண்டும், ஆனால் தேவைக்கு மேல் ஒரு இழையும் எடுக்க விடாதீர்கள். எடுக்க எடுக்கக் கம்ப்ரஷன் ஏறும். பழைய எஞ்சினுக்கு அது எப்போதும் நல்லதில்லை. பழைய கேஸ்கெட் துணுக்கை எடுக்கச் சுழலும் தேய்ப்பு டிஸ்க்கைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள். அலுமினியத்தில் பள்ளம் விழும், அந்தத் தூள் ஆயில் வழியில் போய் பேரிங்கைத் தின்னும். கத்திப் பிளேடு, பொறுமை, அவ்வளவுதான்.

மாட்டும்போது நடுவிலிருந்து வெளியே, கையேட்டில் உள்ள வரிசையில், டார்க் ரெஞ்ச்சால் படிப்படியாக இறுக்குங்கள். ஈர லைனர் எஞ்சினில் ஹெட் இல்லாதபோது எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க்கைச் சுற்றிவிடாதீர்கள். லைனர் ஒரு முறை தூக்கிவிட்டால் அடி சீல் போயே போச்சு. புதிதாக இன்னொரு வேலை.

விரிசல் உறுதியானால் தையல் (விரிசல் நெடுக உலோக ஆணிகளை அடுக்கி அடைப்பது), வெல்டிங், வேறு ஹெட் என்று மூன்று. இரும்பில் விரிசல் தண்ணீர் மட்டும் ஓடும் இடத்தில் இருந்தால் உலோகத் தையல் நல்ல தேர்வு. சூடு கிடையாது, வடிவம் மாறாது. ஆனால் 60 பிஎஸ்ஐ ஓடும் ஆயில் வழிக்குப் பக்கத்தில் தையலை நான் அவ்வளவு நம்ப மாட்டேன். அங்கே அந்த வழியைத் துளைத்துப் பெரிதாக்கி, மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே அடித்துச் செருகுவது மேல். அலுமினியத்துக்கு வெல்டிங் உண்டு. ஆனால் ஒருமுறை நன்றாகச் சூடேறிய ஹெட் மெத்தென்று ஆகியிருக்கலாம், கடினத்தைச் சோதித்துவிட்டுத்தான் செலவு செய்ய வேண்டும். பிளாக்கில் விரிசல் என்றால்தான் வேறு எஞ்சின் பற்றிப் பேசலாம். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஒன்றோடு ஒன்று பொருந்திய வண்டி என்றால், அந்தப் பிளாக்கைக் காப்பாற்ற எந்த அளவுக்கும் போகலாம். அது இல்லையென்றால் நல்ல பழைய எஞ்சின் ஒன்றைத் தேடுவது புத்திசாலித்தனம்.

இப்போது எல்லோரும் மறந்துவிடுகிற பாதி வேலை: கழுவுவது. கசிவை அடைத்தது ஒரு நாள் வேலை என்றால் கழுவுவது மூன்று நாள் வேலை. கசிவை நிறுத்துவதற்கு முன் கழுவினால் சோதனைக்காக மட்டும் கழுவுங்கள், முழுசாகக் கழுவாதீர்கள், வீண்.

பாத்திரம் தேய்க்கும் திரவம் ஊற்றலாம் என்பார்கள். ஆயிலை வெட்டும், உண்மைதான். ஆனால் வாட்டர் பம்ப் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரை இருக்கும் இடத்தில் தண்ணீர் இருக்காது, எஞ்சின் அங்கே சூடேறும். மெஷினில் பாத்திரம் கழுவும் பொடி நுரை வராது, ஆயிலையும் நன்றாக வெட்டும், ஆனால் கடும் காரம். அலுமினிய ஹெட், அலுமினிய பம்ப் இருந்தால் அதைத் தின்றுவிடும். முழு இரும்பு எஞ்சினுக்கும் செம்பு-பித்தளை ரேடியேட்டருக்கும் ஓரளவு சரி, அதுவும் நேரம் வைத்து வடித்துவிட வேண்டும். அலுமினியம் இருந்தால் கூலன்ட் அமைப்புக்கென்றே செய்த நுரை வராத கிளீனர்தான் என் தேர்வு. சிட்ரிக் அமிலத்தை இதோடு போட்டுக் குழப்பாதீர்கள்; அது துருவுக்கு, ஆயிலுக்கு இல்லை. ஆயில் போன பிறகு துரு இருந்தால் அப்போது பார்க்கலாம்.

தெர்மோஸ்டாட்டை (சூடானதும் கூலன்ட்டுக்கு வழிவிடும் வால்வு) கழற்றிவிட்டு, ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, சூடாகும் வரை ஓட்டி, கொஞ்சம் ஆறவிட்டு வடித்துவிடுங்கள். சூட்டோடு சூடாக பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பிளாக் விரிசல் விடும். அப்படி விரிந்தால் மேலே சொன்னதையெல்லாம் முதலிலிருந்து படிக்க வேண்டி வரும். வடித்த தண்ணீர் பூமியில் போகக்கூடாது. கிளைக்கால் இனிக்கும், நாய் பூனை நக்கினால் செத்துவிடும்.

பழைய செம்பு-பித்தளை ரேடியேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம்: ரேடியேட்டர் வேலை செய்பவரிடம் கொடுத்தால் தொட்டியை உருக்கித் திறந்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, திருப்பி ஒட்டிக் கொடுப்பார். களிம்பு கெட்டியாக அடைந்திருந்தால் வண்டியில் வைத்தே பத்துமுறை கழுவுவதை விட இது மேல்.

ரப்பர் ஹோஸ்களை எல்லாம் தூக்கிப் போடுங்கள். கூலன்ட் ஹோஸ்களில் சாதாரணமாக இருக்கும் ரப்பருக்கு ஆயில் ஆகாது. ஊறி, உப்பி, பிசுபிசுவென்று ஆகிவிடும். மேலே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே விரல் விட்டுத் தேய்த்தால் கருப்பு மை ஒட்டும். ஓடும்போது உள்புறம் பிளந்து அடைத்துக்கொள்ளும் வகை இது. சிலிகோன் ஹோஸ் போட்டால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்காதீர்கள். சாதாரண சிலிகோனும் ஆயிலில் உப்பும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர், தெர்மோஸ்டாட், ஹீட்டர் வால்வு இவையும் புதுசு.

எல்லாம் முடிந்ததும் முதல் தடவை வெறும் தண்ணீர். குளிரில் உறையும் ஊராக இருந்தால் இது கூடாது. மற்றபடி ஓரிரண்டு வாரத்துக்கு மேல் வைக்கவும் கூடாது, துருப்பிடிக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எஞ்சின் முழுக்க ஆறியதும் மூடியைத் திறந்து ஒரு டம்ளர் எடுத்து அதே ஜாடியில் ஊற்றி வையுங்கள். முதல் ஜாடியில் மெல்லிய படலம் வரும், பயப்படாதீர்கள், ஹீட்டரின் மூலையில் ஒளிந்திருந்த மிச்சம். இரண்டாவதில் வட்டமாக இரண்டு மூன்று சொட்டு. மூன்றாவதும் நான்காவதும் ஜாடிக்கு அந்தப்பக்கம் இருக்கும் எழுத்தைப் படிக்க முடிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தால், தண்ணீரை வடித்துவிட்டு நல்ல கூலன்ட்டை ஊற்றுங்கள்.